உட்கார்ந்த இடத்தில் கிடைக்காத செய்தி

கேள்வி: தொலைக்காட்சியில் இணையச் செய்திகளை மட்டும் வழங்கும் செய்தியாளராக விரும்புகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: எதிர்காலம் உண்டு. ஆனால் 'உட்கார்ந்த இடத்திலிருந்தே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தோடு இத்துறைக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது புதிய வேலையன்று. அமெரிக்காவின் சி.என்.என். தொலைக்காட்சி, வலைப்பதிவுகளில் என்ன பேசுகிறார்கள் என்று நேயர்களுக்குச் சொல்வதற்கென்றே 2005ஆம் ஆண்டில் செய்தியாளர்களை அமர்த்தியிருந்தது. அன்று அந்தப் பேச்சைக் கவனித்துச் சொன்னாலே போதுமானதாக இருந்தது. அதே பேச்சு ஆளையே கொல்லும் என்பதை நாம் பக்கத்திலேயே பார்த்துவிட்டோம். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டியை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. 1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த பகுதி அது. இந்தியாவில் ஒரு தகவலை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதிக்க முன்வந்தது அந்த ஜூலையில்தான்.

'சமூக வலைத்தளங்களில் வைரலாகி வருகிறது' என்று சொல்லிவிட்டு ஒரு காணொளியை ஓடவிடுவது செய்தி வழங்குவதாகாது, பொறுப்பைக் கைகழுவுவதாகும். இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதித் தொலைக்காட்சி நண்பர்கள் சிலரின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன். ஆனாலும் மீண்டும் எழுதுகிறேன். பாலாற்றில் வெள்ளம் என்று ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால், அதில் தெரியும் பாலம் எது, கடைப் பலகையில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது, வண்டியின் எண் வேலூருக்குரிய டிஎன் 23 தானா, 2021 நவம்பர் வெள்ளத்தில் எடுத்த பழைய படத்தை யாரேனும் இன்று மறுபடி சுற்றவிடுகிறார்களா என்றெல்லாம் பார்த்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் பேசி, ஐயம் மிஞ்சினால் காட்பாடியிலிருந்து பேருந்து ஏறி ஆற்றங்கரைக்கே போய் நிற்க வேண்டும். அதற்குள் போட்டி அலைவரிசை முந்திக்கொள்ளும். முந்திக்கொள்ளட்டும்.

ஆந்திர எல்லையை ஒட்டி வாழும் நமக்குத் தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம், இந்தியும் படித்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்தில் எடுக்கப்பட்ட காணொளி தமிழ்த் தலைப்போடு இங்கே உலவும்போது, அந்தப் பொய்யை முதலில் காட்டிக்கொடுப்பது பின்னால் தெரியும் ஒரு பெயர்ப்பலகையாகவே பெரும்பாலும் இருக்கும்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் குழுவில் இந்த வாரம் சுற்றும் தகவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை முதலில் போட்டவர் யார், சொன்னது உண்மையா என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். விசாரணை முழுமையாக இருந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.