உப்புப் பாளத்தில் தொடங்குங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் இடைக்கால மாலிப் பேரரசு பற்றி ஒரு பாடம் எடுக்க வேண்டும். எங்கே தேடினாலும் 'உலகிலேயே பெரிய பணக்காரர் மன்சா மூசா' என்றுதான் வருகிறது. வணிகம், கல்வி, மதம் மூன்றையும் ஒரே பாடவேளையில் எப்படிச் சொல்வது? – ஓர் ஆசிரியை

பதில்: மாலியின் அரசர் மூசாவின் சொத்துக் கணக்கை விட்டுவிடுங்கள். அதை இன்றைய பணத்தில் யார் சொன்னாலும் ஊகம்தான். உப்பில் தொடங்குங்கள்.

1352இல் சகாராவைக் கடந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, தகாசா என்ற பாலைவன உப்புச் சுரங்க ஊரில் தங்கினார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல். மரம் கிடையாது. உப்பு வெட்டியவர்கள் அடிமைகள். பேரீச்சம்பழமும் தானியமும் வெளியிலிருந்து வந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அதே பாலைவனப் பாதையில் மனிதர்களையும் வடக்கே விற்கக் கொண்டுபோனார்கள்.

ஓர் ஒட்டகச் சுமை உப்பு, பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த வலாத்தா என்ற ஊரில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்கு விற்றது. மாலியின் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40. மித்கால் என்பது 4 கிராமுக்குச் சற்று மேலான எடை. இந்த எண்களைப் பலகையில் எழுதி, ஏன் ஏறுகிறது என்று மட்டும் கேளுங்கள். தெற்கே பம்புக், புரே பகுதிகளில் தங்கம் இருந்தது, உப்புக்குத் தட்டுப்பாடு என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, இரண்டு மாதப் பயணத்துக்கு அப்பால் இருக்கும், முகம் பார்க்காத ஆளை நம்பிக் கடனுக்குச் சரக்கு விடுவது எப்படி? மதம் பாடத்துக்குள் வரும் இடம் இதுதான். இஸ்லாம் வணிகர்களுக்குப் பொதுவான சட்டத்தையும் எழுத்தையும், தகராறு வந்தால் தீர்க்க ஒரு காஜியையும், அதாவது நீதிபதியையும், கொடுத்தது. அதனால் முதலில் வணிகர்களிடமும் அரசவையிலும்தான் வேரூன்றியது. கிராமங்களில் பழைய வழிபாடு தொடர்ந்தது. தங்கம் எடுக்கும் ஊர்களில் மதத்தைப் பரப்பினால் தங்கத்தின் வரத்து குறைந்துவிடுகிறது என்பதால், அந்த மக்களை மாலி அரசர்கள் அப்படியே விட்டுவைத்ததாக 14ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல் உமரி எழுதியிருக்கிறார். எனக்கு மூசாவின் 1324 ஹஜ் பயணத்தைவிட இந்தக் குறிப்பு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பயணத்தில் அவர் கெய்ரோவில் வாரி இறைத்ததால் அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

காஜிக்குச் சட்டம் தெரிய வேண்டும், அதற்கு நூல் வேண்டும், நூலைப் படித்துக்காட்ட ஆசிரியர் வேண்டும். மாலியின் வணிக நகரமான திம்புக்துவின் கல்வி இப்படி வளர்ந்தது. தயவுசெய்து 'மூசா பல்கலைக்கழகம் கட்டினார்' என்று எழுதிப் போடாதீர்கள். அவர் கட்டச் செய்தது ஜிங்கரேபர் பள்ளிவாசல். பல்கலைக்கழகம் என்று பலர் சொல்லும் சங்கோரே என்பது ஒரு பள்ளிவாசலையும் அதைச் சுற்றி வாழ்ந்த அறிஞர்களையும் குறிக்கும் பெயர். மாணவர் ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலை முழுதாகப் பாடம் கேட்டு, அதைக் கற்பிக்க அவரிடமே அனுமதி வாங்குவார். அப்புறம் அடுத்த ஆசிரியர் வீடு.

இந்தக் கல்வி உச்சம் தொட்டது மாலிக்குப் பின் வந்த சொங்காய்ப் பேரரசின் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில். இரண்டையும் கலந்துவிடாமல் பலகையில் தனித்தனியாகக் கோடு போடுங்கள். 1591இல் மொராக்கோப் படை துப்பாக்கிகளோடு வந்து சொங்காயை வீழ்த்தியது. பிறகு மொராக்கோவின் மராக்கேஷ் நகருக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன திம்புக்து அறிஞர்களில் அகமது பாபாவும் ஒருவர். தன் 1,600 நூல்கள் பறிபோயின என்றும், தன் குடும்பத்தாரிலேயே சிறிய நூலகம் தன்னுடையதுதான் என்றும் அவர் முறையிட்டார்.