இரட்டைக் கன்று ஊசி: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஒரே ஈற்றில் இரண்டு கன்று போட ஊசி இருக்கிறதா?

இருக்கிறது. சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் அது. ஆனால் எத்தனை சினைமுட்டை வெளிப்படும் என்பது நம் கையில் இல்லை. ஒரு மாட்டுக்கு ஒன்றோடு நிற்கும், அதே அளவுக்குப் பக்கத்து மாட்டில் நான்கு வரும். எழுதித் தர மாட்டேன்.

கேள்வி: எத்தனை மி.லி. போட வேண்டும்?

எழுதித் தர மாட்டேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஆடு இரண்டு குட்டி போடவில்லையா?

ஆட்டில் இரு குட்டிகளின் இரத்தக் குழாய்கள் சேர்வது அரிது. மாட்டில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். காளைக் கன்றின் ஹார்மோன் கிடேரிக்குள் பாய்ந்து அதன் கருப்பையை வளரவிடாது. காளையோடு பிறக்கும் கிடேரிகளில் 100க்கு 90க்கு மேல் மலடு.

கேள்வி: என் வீட்டில் அப்படிப் பிறந்த கிடேரி நன்றாகத்தான் வளர்கிறது. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

வளரும் ஐயா, வெளியே குறை தெரியாது. போன மாதம் ஒருவர் மூன்று வயதுக் கிடேரியைக் கூட்டி வந்தார். பருவத்துக்கு வரவில்லையென்று தாது உப்பு, புழு மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கூடப் பிறந்தது காளையா என்று கேட்டேன். ஆம் என்றார். மூன்று வருடத் தீவனம்! உங்கள் கன்றை இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் தடவிய வழவழப்பான குழாயைப் பிறப்புறுப்பில் மெல்லச் செலுத்துவார். மலட்டுக் கன்றில் அது பாதி தூரத்திலேயே முட்டி நின்றுவிடும்.

கேள்வி (அவரே): அமெரிக்காவில் இரட்டைக் கன்று மந்தையே வளர்த்தார்களே?

வளர்த்தார்கள். நெப்ராஸ்காவின் கிளே சென்டர் ஆராய்ச்சி நிலையத்தில், 1981 முதல், இரட்டை ஈனும் பரம்பரையைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள், ஊசியால் அல்ல. அவை இறைச்சி மாடுகள். கறிக்குப் போகும் கிடேரி மலடானால் அவர்களுக்கு நட்டமில்லை. பாலுக்காக மாடு வைத்திருக்கும் உங்களுக்குக் கிடேரிதானே முதல்?

கேள்வி: ஊசி எந்தக் கடையில் கிடைக்கும்?

இதே கேள்வி நான்காவது முறை. பதில் மாறாது, எழுதித் தர மாட்டேன்.

கேள்வி: ஊசி போடாமலேயே எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு இரட்டைச் சினை. எட்டாம் மாதம் நடக்கிறது.

தேதிக்குப் பத்து நாள் முன்பே ஈனலாம், தொழுவத்தில் இரவு ஆள் படுக்கட்டும். அடர்தீவனத்தைப் பிரித்துப் பிரித்து வையுங்கள். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். கல் கட்டி இழுக்காதீர்கள். சீம்பாலை முதல் கன்றே குடித்துத் தீர்த்துவிடாமல் இரண்டாவதற்கும் கறந்து புகட்டுங்கள். ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் உடனே எனக்கு எழுதுங்கள்.