தழைத்தும் பூக்காத தொட்டி மல்லிகை

மாடித் தொட்டியில் வளர்க்கும் குண்டுமல்லி நன்றாகத் தழைத்தும் பூக்கவில்லையே, உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரந்தோறும் நீங்கள் ஊற்றும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலை முதலில் நிறுத்துங்கள். சித்திரை பிறந்தும் செடி மொட்டு விடாததற்கு உரக்குறைவு காரணமன்று.

பிண்ணாக்கில் தழைச்சத்தே (நைட்ரஜன்) மிகுதி என்பதால் இலையும் கொடியும் செழித்து, பூப்பு பின்தங்குகிறது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும்; ஆகவே நீண்டோடும் கிளைகளின் நுனியை இரண்டு மூன்று கணு அளவுக்குக் கிள்ளிவிட்டால், பக்கத் துளிர்கள் கிளைத்து அவற்றில் மொட்டு வரும்.

ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். கணுக்களுக்கு இடையே தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் அகன்று கரும்பச்சையாக இருந்தால், வெயிலும் போதவில்லை என்று கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ கைப்பிடிச் சுவரின் நிழலோ செடிமேல் விழுகிறதா என்று காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கவனித்து, ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள்.

கோடை நடுவில் ஆழமாகக் கவாத்து செய்துவிடாதீர்கள் (கிளைகளை வெட்டிக் குறைத்துவிடாதீர்கள்), இந்தப் பருவத்தின் பூ கைவிட்டுப் போகும். அதற்குரிய காலம் நவம்பர் இறுதி. நிலத்துச் செடிகளை அப்போது 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவார்கள். மொட்டு வந்தபின் துளை விழுந்து உதிர்ந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. அதற்கு இந்த வழிகள் உதவா.