சின்ன மிரர்லெஸ் கமராவை வைத்துத் தரமாகப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர் உள்ள சின்ன மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராவும் அதோடு வந்த 16-50 மி.மீ. கிட் லென்சும் வைத்திருக்கிறேன். இருப்பது திருகோணமலை. உப்புவெளிக் கரைவலை, கோயில் திருவிழா, கோணேசர் கோயில் பக்கத்து விடியற்காலை எல்லாம் தரமாக எடுக்க ஆசை. பெரிய டிஎஸ்எல்ஆர் வாங்காமல் சரிவராதா?

சரிவரும். உங்கள் சென்சர் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. கலியாணவீடுகளில் தோளை இழுக்கும் டிஎஸ்எல்ஆர் பலவற்றுக்குள் இருப்பதும் இதே அளவுச் சென்சர்தான். டிஎஸ்எல்ஆருக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடியும் அதற்கான இடமும் இதில் இல்லாததால் கமராவின் உடம்பு சிறுத்திருக்கிறது. கனன் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பூட்டும் வளையத்தில் இருந்து சென்சர் வரை 44 மி.மீ., சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. 24 மெகாபிக்சல் படத்தை 300 டிபிஐயில் 20 × 13 அங்குலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம்.

காசு இருந்தால் முதலில் லென்சில் போடுங்கள். கிட் லென்சை முழுக்க நீட்டினால் எஃப்/5.6தான் கிடைக்கும் (எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துவாரம் பெரிது). 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன்) 6400இல் மணல் தூவியதுபோல வரும் அதே படம் 640இல் சுத்தமாக வரும். இரவுத் திருவிழா எடுப்பவருக்குப் புது உடம்பு வாங்குவதைவிட இது பெரிய மாற்றம். நெரிசலான வீதியில் 35 கொஞ்சம் கிட்டத்தில் நிற்கும். கூட்டமும் தேரும் சேர்ந்து வேண்டுமென்றால் 23 அல்லது 24 மி.மீ. நல்லது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெடெரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகியவை என்பதால் அவற்றுக்கென்று நீளமான லென்ஸ் தேவையில்லை.

கமராவை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் பிறகு மெனுவுக்குள் தேடவேண்டி வராது. அப்பேர்ச்சர் முன்னுரிமை (எஃப் எண்ணை நீங்கள் வைக்க, வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும்), ஓட்டோ ஐஎஸ்ஓ, அதன் உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250. படம் றோவில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). வலை இழுப்பவர்களுக்கு 1/500, ஆடும் வள்ளத்தில் இருந்து எடுத்தால் 1/1000. போக்கசைப் பின்பக்கப் பொத்தான் ஒன்றுக்கு மாற்றி, புள்ளியைச் சிறிதாக்குங்கள். முழுத்திரையையும் கமராவிடம் விட்டால் முகத்தை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் வலைக் கயிற்றைத்தான் பிடிக்கும். கமரா தூங்கப் போயிருந்தால், கண்ணுக்கு உயர்த்தும்போதே ஷட்டரை அரைவாசி அழுத்துங்கள்; கண்ணை வைக்கும் நேரத்துக்கு விழித்திருக்கும். மின்சாரத்தில் இயங்கும் கிட் சூம் லென்ஸ்கள் நிறுத்தி எழுப்பினால் திரும்பவும் அகலக் கோணத்துக்கே போய்விடும், அதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் கரையில் பெரிய சிக்கல் வெளிச்சம். வெண்மணல், வெள்ளை வேட்டி, மினுங்கும் கடல் எல்லாவற்றையும் கமராவின் ஒளி அளக்கும் மீற்றர் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதன் விலை முகங்களில் தெரியும்: கறுத்த தோல் இன்னும் கறுத்து, கண் எது கன்னம் எது என்று தெரியாமல் போகும். மணற்கரையில் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டி, ஸீப்ரா கோடுகளை (மிகையாக வெளுக்கும் இடத்தைத் திரையில் காட்டும் வரிகள்) 100இல் வைத்து, மணலில் கோடு தோன்றும் இடத்திலேயே நிறுத்துங்கள். ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபு) ஸீப்ராவும் ஜேபெக்கை வைத்துக் கணிப்பவை, றோவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். திரையின் பிரகாசத்தை வெயிலுக்காக உயர்த்தி வைத்து அதைப் பார்த்தே முடிவெடுத்தால் வீட்டுக்குப் போனதும் எல்லாப் படமும் இருட்டாக இருக்கும். நடுப்பகல் வெயிலில் திரையே தெரியாது, ஆகவே வியூஃபைண்டர் இல்லாத உடம்பை இந்த ஊருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கரைவலைக்கு நிற்கும் இடம்தான் பாதிப் படம். இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடப்பவர்கள். எங்கள் கடல் கிழக்கில் இருப்பதால் காலை வெயில் நேரே அவர்கள் முகத்தில் விழும். ஆகவே நீரோரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கயிற்றின் பாதையை விட்டு விலகி. மீன் சேரும் வலைப்பை, அதாவது மடி, கரைக்கு வரும் நேரத்தில் யாருடைய வேலைக்கும் குறுக்கே நிற்கக்கூடாது. தரைப் பக்கம் நின்றால் நிழலுருவம் மட்டும் கிடைக்கும், அதுவும் அழகுதான், வேண்டுமென்றே எடுத்தால். பின்னேரம் வெயில் தரைப் பக்கம் போய்விடும், அப்போது முகங்களில் நிழல்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விடியலுக்கு வெண்சமநிலையை (வைட் பலன்ஸ்)  பகல் வெளிச்சத்தில் நிரந்தரமாக வையுங்கள். ஓட்டோவில் விட்டால் செம்மஞ்சளைத் 'திருத்தி' வெளிற வைத்துவிடும். சூரியன் சட்டத்துக்குள் வந்தால் -1 அளவுக்குக் குறையுங்கள். கூர்மைக்காக எஃப்/16, எஃப்/22 என்று மூடவேண்டாம். இந்தச் சென்சரில் எஃப்/11ஐத் தாண்டினால் சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முழுப்படமும் மென்மையாகும். எஃப்/8 போதும். கடற்படைப் பகுதிகள், துறைமுகம், சீனன்குடா விமானத்தளம் பக்கம் லென்சைத் திருப்பமுதல் அனுமதி கேளுங்கள். கோயில் உள்வீதியிலும் அப்படியே.

இரவுத் திருவிழாவில் பலர் தவறவிடுவது சத்தமில்லாத ஷட்டரை. பூசை நேரத்தில் மரியாதைக்காக அதைப் போடுவார்கள், பிறகு படத்தில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள். காரணம் இது: எலக்ட்ரோனிக் ஷட்டர் சென்சரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஒவ்வொரு வரியும் வெவ்வேறு மினுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக அசைவதும் கோணலாகும், தவில் கழி வில்லுப்போல வளைந்து நிற்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள், அசைவில்லாத காட்சியென்றால் 1/50. அலங்கார வண்ண எல்இடிகள் சில வேறு வேகத்தில் மினுங்குபவை. அவற்றுக்கு இரண்டு மூன்று வேகங்களில் எடுத்துப் பார்க்கவேண்டும். இரவில் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சரவிளக்குகள் தலைகீழாகப் பேய்போல வானத்தில் தெரியும். கடற்கரையில் மட்டும் அது காவலுக்கு நல்லது.

பற்றரி சின்னது. ஒன்றில் 300, 350 படங்கள் வரை என்று கணக்கு வையுங்கள், வியூஃபைண்டரைத் திறந்தபடியே வைத்திருந்தால் அதைவிடக் குறையும். மூன்று வேண்டும். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இனி நான் அதிகம் வற்புறுத்துவது. இங்கே கமராக்களைக் கொல்வது உப்பும் ஈரமும். மிரர்லெஸ்சில் லென்சைக் கழற்றினால் பெரும்பாலான மொடல்களில் சென்சர் அப்படியே வெறுமையாக நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணற்கரையில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. வாகனத்துக்குள் போய், கமராவை நிறுத்தி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். தூசு இருக்கிறதா என்று பார்க்க எஃப்/16இல் வெள்ளைச் சுவரைப் போக்கஸ் இல்லாமல் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரியும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும், டின்னில் வரும் காற்று சென்சரில் இரசாயனப் படலம் விடும்.

கடலில் இருந்து வந்ததும் உலர்துணியால் துடைக்கவேண்டாம். உப்புப் பளிங்கு கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் உடம்பையும் லென்ஸ் வளையங்களையும் ஒற்றித் துடைத்து, பிறகு உலர்துணி. ஃபிளாஷ் பூட்டும் இடத்து உலோகத்தை மறக்காதீர்கள், பச்சை பிடிப்பது அங்கேதான். ஏசி அறையில் இருந்து வெளியே போகமுதல் கமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு, வெளிச்சூட்டில் அரைமணி நேரம் விட்டுத் திறந்தால் லென்சில் பனி படியாது.

வீட்டில் லென்சைத் தோல் உறையிலோ கமராப் பையிலோ வைத்திருந்தால் வாடைக்காலத்தில் பங்கஸ் பிடிக்கும், சிலந்திவலைபோல உள்ளே படரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி இவ்வளவும் போதும். ஈரப்பதத்தை 40 முதல் 50 வீதத்துக்குள் வையுங்கள். சிலர் அரிசி போடுகிறார்கள். அதன் மாத்தூள்தான் லென்சுக்குள் போகும். சிலிக்கா ஜெல்லில் செம்மஞ்சள் நிறம் காட்டும் வகையை வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, சமையல் அவணில் சூடாக்க ஏற்றதல்ல. நிறம் மாறினால் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் திரும்பப் பாவிக்கலாம்.

இந்தக் கமராவால் ஆகாத வேலைகளும் உண்டு. களப்புப் பறவைகளுக்கு 400 மி.மீ. வேண்டும், அந்த லென்சைப் பூட்டியதும் சின்ன உடம்பின் பயன் போய்விடும், பிடிக்கவும் முன்பாரமாக இருக்கும். வெயிலில் நீளமாக 4கே வீடியோ எடுத்தால் சூடாகி நின்றுவிடும். காசு வாங்கிக் கலியாணவீடு எடுப்பதென்றால் ஒரேயொரு மெமரி கார்ட் துளைதான் உண்மையான ஆபத்து. தாலி கட்டிய பிறகு கார்ட் பழுதானால் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. இரண்டாவது உடம்பு ஒன்று, பழையதாயினும், பக்கத்தில் இருக்கட்டும்; 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி நான்கு கொண்டுபோய், சடங்குக்குச் சடங்கு மாற்றி, எடுத்து முடித்த கார்ட்டை உடனே சட்டைப்பைக்குள் போடுங்கள்.