டிங்கியா? பிளேட்லெட்டை மட்டும் எண்ணாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றியவை.

மகன் டிங்கியால் வார்டில் இருக்கிறான். பிளேட்லெட் 90 ஆயிரம். காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்குக் கூட்டி வந்து பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம் அம்மா. காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா என்ற வெளிர்மஞ்சள் நீர். டிங்கி முற்றினால் ரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த நீர் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் இறங்கிவிடும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் சரியும். பிள்ளைகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பிளேட்லெட்டின் வேலை காயத்தை அடைப்பது. 1.5 முதல் 4 லட்சம் வரை இருக்க வேண்டும். எல்லாரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தாளில் எச்.சி.டி. என்ற வரியையும் டாக்டரிடம் கேளுங்கள்; ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று அது காட்டும். பிளேட்லெட் இறங்க இறங்க அது ஏறினால், பிளாஸ்மா கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்கவே கூடாது. பப்பாளி இலையால் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை நம்பி வார்டை விட்டு வராதீர்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஏறவில்லை.

பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினை உடம்பு உருவாக்க இரும்பு வேண்டும். மாத்திரையை தே தாரிக்கோடு விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. எலுமிச்சை அல்லது ஆரஞ்சு ஜூஸோடு சாப்பிடுங்கள், தேநீர் இரண்டு மணி நேரம் கழித்து. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்புறமும் ஏறாவிட்டால் தலசீமியா பரிசோதனை கேளுங்கள். அது பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு, நம் நாட்டில் அரிதும் அல்ல. அதுதான் காரணம் என்றால், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடரக்கூடாது.

வெள்ளையணு 13 ஆயிரம். புற்றுநோயா?

சளி, புண், பல் வீக்கம் எது வந்தாலும் 11 ஆயிரத்தைத் தாண்டலாம். குணமான பிறகு மறுபடி எடுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு பை ரத்தம் ஒருவருக்குத்தானா?

இல்லை, பிரித்து மூன்று பேர் வரை கொடுக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டு வைக்கலாம். சிவப்பணு ஐந்தாறு வாரம் தாங்கும். பிளேட்லெட்டுக்குப் பொதுவாக 5 நாள்தான் ஆயுள். அதனால் தீபாவளிக்கு முன் எல்லாரும் கூட்டமாகக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு வாரம் முறைவைத்துக் கொடுத்தால் வார்டில் இருப்பவர்களுக்கு உதவும்.