பி53 கூடவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளா?

கேள்வி: எச்சிடி116, எச்டி-29 ஆகிய பெருங்குடல் புற்றுச் செல்களுக்கு 5-ஃப்ளூரோயூராசில் என்னும் புற்றுநோய் மருந்தைக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து, புற்றை அடக்கும் பி53 புரதத்தை உருவாக்கும் டிபி53 மரபணுவின் வெளிப்பாட்டை, அதாவது அதன் எம்ஆர்என்ஏ நகல்களின் அளவை, ரியல் டைம் பிசிஆரில் அளந்தேன். இரண்டிலும் மாற்றமே இல்லை. செல்களை நாகமலை புதுக்கோட்டையில் வளர்த்து, பிசிஆருக்காக மதுரை நகருக்குள் கொண்டு செல்கிறேன். மருந்து வேலை செய்யவில்லையா, என் கையில் தவறா?
- ஆய்வு மாணவி, மதுரை

பதில்: இதை மட்டும் வைத்து மருந்தையோ உங்கள் கைப்பழக்கத்தையோ குறை சொல்ல முடியாது. இயல்பான நிலையில் எம்டிஎம்2 என்னும் புரதம் பி53 புரதத்தை உருவாக உருவாகவே அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டிஎன்ஏ சேதமடையும்போது அந்தப் பிடி தளர்வதால், எம்ஆர்என்ஏ பெரிதாகக் கூடாமலேயே புரதம் சேர்ந்துவிடும். ஆகவே புரதத்தை, அதன் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டிலும், பி53 தூண்டிவிடும் சிடிகேஎன்1ஏ மரபணுவை, அதாவது பி21ஐ, பிசிஆரிலும் பாருங்கள். எச்சிடி116இல் பி53 பழுதில்லாதது என்பதால் அங்கே இரண்டும் கூட வேண்டும்.

எச்டி-29 கதை வேறு. அதன் பி53இல் 273ஆவது ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறியிருப்பதால், புரதம் ஏராளமாகத் தேங்கியும் தன் வேலையைச் செய்வதில்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே பட்டை கறுப்பாகத் தெரியும். அதைக் கண்டு, புற்றை அடக்கும் மரபணு வலுவாக இயங்குகிறது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

அளவை ஒப்பிட, மாறாதது என்று வைத்துக்கொள்ளும் ஒப்பீட்டு மரபணு எது என்று நீங்கள் சொல்லவில்லை. ரைபோசோம் ஆர்என்ஏவான 18எஸ் என்றால் இந்த மருந்துக்கு நான் அதை நம்பமாட்டேன். 5-ஃப்ளூரோயூராசில் ரைபோசோம் ஆர்என்ஏ பக்குவப்படுவதையே குலைக்கக்கூடியது. ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் ஜிஏபிடிஎச் மரபணுவுக்கு மனித மரபுத்தொகுதியில் போலி மரபணுக்கள் பல இருப்பதால், கலந்துவிட்ட டிஎன்ஏவும் கணக்கில் சேரலாம்; அதை அழிக்கும் டிஎன்ஏஸ் போட்டு, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். மருந்தால் மாறாத இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. சிடி என்பது பிசிஆரில் சைகை தெரியத் தேவைப்படும் சுற்று எண்; அது ஒன்று குறைந்தால் அளவு இரட்டிப்பு. பி21இன் சிடி 26இலிருந்து 24ஆக இறங்கி, ஒப்பீட்டு மரபணு 18இலேயே நின்றால் நான்கு மடங்கு உயர்வு. ஒப்பீடும் 17க்கு இறங்கியிருந்தால் அதே தரவு இரண்டு மடங்குதான்.

பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டியை வண்டியில் வைத்து செல்களை உயிரோடு கொண்டுபோனால், வழியில் படும் அழுத்தமே வெளிப்பாட்டை மாற்றிவிடும். வளர்ப்புத் திரவமான மீடியாவை வடித்த கையோடு, தட்டிலேயே ஆர்என்ஏவைக் காக்கும் டிரைசால் கரைசலை ஊற்றிச் செல்களைக் கரைத்து, அந்தக் குழாய்களை எடுத்துச் செல்லுங்கள்.