எலிக்குக் குறைந்த சர்க்கரை எனக்கும் குறையுமா?

கேள்வி: வயது 52. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை. ஐந்து வருடமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஏற்காடு போனபோது சிறுகுறிஞ்சான் பொடி வாங்கினேன். 'எலிகளிடம் நிரூபிக்கப்பட்டது' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையை விடாதீர்கள்.

பாக்கெட்டில் இருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். சிறுகுறிஞ்சான் கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் உண்டுதான். ஆனால் அந்த எலிக்குச் சர்க்கரை எப்படி வந்தது? இப்படிப்பட்ட மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றுவார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அது அழித்துவிடும். ஓரிரு நாளில் சர்க்கரை எகிறும். இது முதல் வகை நீரிழிவுக்குத்தான் நெருக்கம். உங்களுக்கு இருப்பது அநேகமாக இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கிறது, தசையும் கல்லீரலும் அதற்கு மசிவதில்லை. கல்லாவில் உட்கார்ந்தே வருடக்கணக்கில் சேர்ந்த தொப்பைக்கும் அதில் பங்கு இருக்கும்.

இரண்டாம் வகைக்கு நெருக்கமான விலங்குகளும் உண்டு. கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக உள்ள தீனியைச் சில மாதம் போட்டால் ஆய்வகச் சுண்டெலி குண்டாகி, இன்சுலின் எதிர்ப்பும் வந்துவிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பிறவியிலேயே பருமனாகும் எலி வகையை வளர்க்கிறார்கள். ஆனாலும், மூன்று வேளைச் சோறு, சாயங்காலம் தட்டுவடை செட் என்று மாவுச்சத்திலேயே வாழும் நம் உடம்புக்கு அந்தக் கொழுப்புத் தீனி எலி ஓரளவுக்குத்தான் பொருந்தும்.

லெப்டின் கதையைக் கேட்டால் விஷயம் புரியும். 1949-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அளவில்லாமல் தின்று ஊதிப்போன சுண்டெலிகளைக் கவனித்தார்கள். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு காரணமான மரபணுவைப் பிடித்தது. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் அவற்றுக்குச் சரியாகச் சுரக்கவில்லை. அதை ஊசியில் கொடுத்ததும் எலிகள் இளைத்தன. தொப்பைக்கு மருந்து வந்தாயிற்று என்று ஒரே கொண்டாட்டம். அப்புறம் பார்த்தால், பருமனான மனிதர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது! மேற்கொண்டு கொடுத்தும் பெரிய பலனில்லை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்குத்தான் அது அருமருந்தானது.

அதற்காக விலங்கு ஆய்வே வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 1921-ல் டொராண்டோவில் நாய்களிடம் சோதித்த சாறுதான் மறு ஜனவரியில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதுதான் இன்சுலின். எலியில் பலித்ததா என்பதோடு நிறுத்தாமல், அடுத்து மனிதரிடம் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.

சிறுகுறிஞ்சானுக்கு அந்தப் பதில் சிறியது. 1990-ல் வெளியான சென்னை ஆய்வில், இரண்டாம் வகைக்காரர்கள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு இதன் இலைச் சாரத்தைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். ஐந்து பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு அல்ல அது. அதிலும் யாரும் முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடவில்லை.

அளவிலும் ஏமாறலாம். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், மனிதருக்கு மாற்ற அதைச் சுமார் ஆறால் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் வரும். அதுவும் வடித்தெடுத்த சாரம். உங்களிடம் இருப்பதோ வெறும் இலைப் பொடி.

சிலர் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டு, 'பாருங்க, இனிப்பே தெரியலை' என்று காட்டுவார்கள். உண்மைதான், மணலைப் போட்ட மாதிரி இருக்கும். நாக்கின் இனிப்பு உணர்வை அது கொஞ்ச நேரம் மறைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அதனால் உடனே குறைந்துவிடாது.

மாத்திரையோடு சேர்த்தாவது சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்றால், முதலில் பாக்கெட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடே சர்க்கரையை இறக்கும். இதுவும் சேர்ந்தால் 70-க்குக் கீழே போகலாம். கை நடுங்கி, வியர்த்து, திடீரென்று பசித்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். சிறுகுறிஞ்சானால் கல்லீரல் பாதித்ததாகவும் மருத்துவப் பதிவு உண்டு. அதனால் மூன்று மாதச் சராசரி பார்க்க ரத்தம் கொடுக்கும்போதே கல்லீரல் சோதனைக்கும் சொல்லிவிடுங்கள்.